வேலியில் கட்டிய வெள்ளைத் துணி

பொன்விழாவை ஒட்டி பாசிர் கூடாங்கில் நடந்த இளைஞர் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்





பொன்விழா மேடையில் இனிப்பான பேச்சைத்தான் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். செயலாளர் அவர்கள் எங்களுக்குக் கொடுத்த தலைப்போ "இருண்ட காலத்தில் நம்பிக்கை". எந்த இருட்டைப் பேசுவது என்று கேட்டோம். "உங்கள் வயதுப் பிள்ளைகள் எதைப் பார்த்துச் சோர்ந்து போகிறார்களோ, அதைப் பேசுங்கள்" என்றார். முப்பதைத் தாண்டிய நாங்கள் இன்னும் பிள்ளைகள்தான் என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சியே.

சோர்வுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. காலையில் கடையின் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே புலனத்தில் காஸா வந்துவிடுகிறது. அதற்குக் கீழே ஊரிலிருந்து மச்சான் அனுப்பிய குடியுரிமைச் சட்டம், வக்ஃபு சட்டம். அதற்கும் கீழே நம் நாட்டுச் செய்தி. 2018 மே 9ஆம் தேதி இரவு நம்மில் யாரும் தூங்கவில்லை. விடிய விடிய டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். 2020 பிப்ரவரியில் அந்த அரசாங்கம் கவிழ்ந்தபோதும் தூங்கவில்லை. அந்த முறை வேறு காரணத்துக்காக. பிறகு 2022 மார்ச் 12இல் நம் ஜொகூர் சட்டமன்றத் தேர்தல் வந்தது. வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 55 சதவீதம். சிங்கப்பூரில் வேலை, எல்லை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை, கோவிட் பயம் என்று காரணங்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கடைக்கு வந்தவர்கள் வாயிலிருந்து அதிகம் கேட்டது வேறு ஒரு வாசகம்: "போட்டு என்ன ஆகப் போகுது?"

இந்த வாசகத்துக்கு நாங்கள் தத்துவமாகப் பதில் சொல்லப் போவதில்லை. போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு வாப்பாமார்களின் வியாபாரத்துக்கு வந்தவர்கள் நாங்கள். கணக்கு தெரியும், சரக்கு தெரியும், அவ்வளவுதான். எனவே தெரிந்த சரக்கிலிருந்தே தொடங்குகிறோம்.

நாங்கள் துணி வியாபாரிகள். பள்ளிக்கூட யூனிஃபார்ம், சம்பின், தெலுக்கோங், தொழுகை விரிப்பு எல்லாம் விற்கிறோம். உள்ளே மேல் தட்டில் கபன் துணியும் இருக்கிறது. வெள்ளைப் பருத்தி. ஆணுக்கு மூன்று துண்டு, பெண்ணுக்கு ஐந்து. எங்கள் கடையில் யாரும் பேரம் பேசாமல் வாங்குகிற ஒரே சரக்கு அதுதான். பெருநாள் சட்டைக்கு ஐந்து ரிங்கிட் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிற்கிறவர்கூட, கபனுக்குக் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு மௌனமாகப் போய்விடுவார். குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது, மண்ணில் வைப்பது நம் கடமை. ஊரில் யாராவது செய்தால் எல்லாருடைய பொறுப்பும் தீரும். யாருமே செய்யாவிட்டால் எல்லாரும் குற்றவாளிகள். ஃபர்ளு கிஃபாயா என்று மதரஸாவில் மனப்பாடம் செய்தோம். அதைச் செய்ய விடமாட்டோம் என்று ஓர் அரசாங்கம் சொன்னால் என்ன ஆகும் என்று அந்த உஸ்தாதும் யோசித்திருக்கமாட்டார், நாங்களும் யோசிக்கவில்லை.

இலங்கையில் அது நடந்தது. நம்மைப் போலவே தமிழ் பேசும் முஸ்லிம்கள் அங்கே இருக்கிறார்கள். நாட்டின் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வைத்து 260க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பாவிகள் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு அதைச் செய்தார்கள். அடுத்த மாதமே குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. குண்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத கடைக்காரர்களும் வாடிக்கையை இழந்தார்கள். அந்தக் காயம் ஆறுவதற்குள் கோவிட் வந்தது.

2020 மார்ச் கடைசியில், நோயில் இறந்தவர்களைப் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்றிருந்த சுகாதார வழிகாட்டி மாற்றப்பட்டது. இனி எரிக்கத்தான் வேண்டும் என்றார்கள். ஏப்ரல் 11ஆம் தேதி அது வர்த்தமானியில் சட்டமாக வந்தது. புதைத்தால் கிருமி நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்பது சொன்ன காரணம். உலகச் சுகாதார நிறுவனம் அந்த மார்ச் 24ஆம் தேதியே புதைப்பதும் எரிப்பதும் இரண்டுமே ஆகும் என்று எழுத்தில் கொடுத்திருந்தது. உலகம் முழுக்கப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஜொகூரில் நாமும் புதைத்தோம். கூட்டம் கூடக் கூடாது, முகம் பார்க்க முடியாது, பாதுகாப்பு உடை போட்டவர்கள்தான் இறக்குவார்கள் என்று எத்தனையோ கட்டுப்பாடுகள் இருந்தன. இருந்தாலும் மண் கிடைத்தது. அங்கே அந்த மண்ணும் இல்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தச் சட்டம் முஸ்லிம் என்ற சொல்லையே சொல்லவில்லை. எல்லாருக்கும் பொதுவான சட்டம் போலத்தான் படித்தால் தெரியும். மூச்சு முட்டியது மட்டும் அடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்டவர்களுக்கு. முஸ்லிம்களுக்கும், கிறிஸ்தவர்களில் பலருக்கும். இந்தக் காலத்து இருட்டு அப்படித்தான் வருகிறது. தடியோடு வருவதில்லை, சுற்றறிக்கையோடு வருகிறது.

அங்கிருந்த நம் சகோதரர்கள் முதலில் என்ன செய்தார்கள்? பொறுத்தார்கள். பொறுத்தார் பூமியாள்வார் என்று நம் பெரியவர்கள் சொல்வதுபோல. பிறகு மனு எழுதினார்கள். பலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். மனுதாரர்களுக்காக வாதாடியவர்களில் எம்.ஏ. சுமந்திரனும் ஒருவர், தமிழர், கிறிஸ்தவர். மாதக்கணக்கில் தள்ளிப்போன அந்த மனுக்களை 2020 டிசம்பர் 1ஆம் தேதி, மூன்று நீதிபதிகளில் இருவர் என்ற பெரும்பான்மையில், விசாரணைக்கே எடுக்காமல் தள்ளுபடி செய்தார்கள். காரணம்கூடச் சொல்லவில்லை.

அந்த நாளில் அந்த ஊரில் நாம் இருந்திருந்தால், "போட்டு என்ன ஆகப் போகுது" என்ற வாசகத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன கிடைத்திருக்கும்?

ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 9ஆம் தேதி, பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையை கொழும்பில் எரித்தார்கள். தாய் தகப்பன் கையெழுத்துப் போட மறுத்தும் எரித்தார்கள். இதை விரித்துச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. இங்கே கைக்குழந்தையோடு தாய்மார்கள் இருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தத் துணி வந்தது. பொரளை கனத்தை மயானத்தின் வாசல் கதவிலும் வேலியிலும் யாரோ ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டினார்கள். கபனிட முடியாத குழந்தைக்காக ஒரு முழம் வெள்ளை. அடுத்து ஒருவர் கட்டினார், அடுத்து ஒருவர். வேலி வெளுத்துப் போனது. கட்டியவர்களில் முஸ்லிம்கள் மட்டும் இல்லை. கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் வந்து கட்டினார்கள். ஒரே இரவில் அந்தத் துணிகள் அகற்றப்பட்டன. ஆனால் துணி கட்டுவது நிற்கவில்லை. கையில் கட்டினார்கள், வீட்டு வாசலில் கட்டினார்கள், படமெடுத்து முகநூலில் போட்டார்கள்.

துணி வியாபாரிகளாக இதைச் சொல்கிறோம்: அந்தத் துண்டு விலைக்கு ஒன்றும் பெறாது. ஒரு மீட்டர் வெள்ளைக் காட்டனில் அப்படி எத்தனையோ துண்டு கிழிக்கலாம். கோஷம் இல்லை, கல் இல்லை, கூட்டம் கூடியதாக வழக்குப் போடவும் முடியாது. ஊரடங்குக் காலத்தில், அவப்பெயர் சுமந்த ஒரு சிறுபான்மை, தெருவில் இறங்கினால் "பார்த்தீர்களா, இவர்கள் இப்படித்தான்" என்று சொல்லக் காத்திருந்தவர்கள் முன்னால், என்ன செய்ய முடியுமோ அதைக் கண்டுபிடித்துச் செய்தார்கள். யார் முதல் துண்டைக் கட்டியது என்பதில் எங்களுக்கு அக்கறை இல்லை. இரண்டாவது துண்டைக் கட்டியவர் மேல்தான் எங்களுக்கு மரியாதை அதிகம். முதல் ஆளுக்கு ஆத்திரம் இருந்திருக்கும். இரண்டாம் ஆள் யோசித்துவிட்டுத்தான் கட்டியிருப்பார்.

வேறு வேலைகளும் அதே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன. சில குடும்பங்கள் எரிப்பதற்குக் கேட்ட பணத்தைக் கொடுக்க மறுத்தன. எங்கள் சம்மதம் இதில் இல்லை என்பதை அப்படிப் பதிவு செய்தார்கள். இறந்தவர்களை மாலத்தீவுக்குக் கொண்டுபோய்ப் புதைக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. நல்ல யோசனைதானே என்று இங்கே எங்களில் சிலரே சொன்னோம். அவர்கள் ஏற்கவில்லை. பிறந்த நாட்டில் ஆறடி மண் கேட்பது சலுகை இல்லை, உரிமை என்றார்கள். அந்த நாட்டு மருத்துவர்களின் சங்கம் புதைப்பதால் ஆபத்து என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2021 தொடக்கத்தில் அறிக்கை விட்டது. அரசாங்கம் அமைத்த நிபுணர் குழு ஒன்றே இரண்டுக்கும் அனுமதி கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தது. சிங்கள மருத்துவர்களும் பேராசிரியர்களும் தங்கள் பெயரைப் போட்டு இதை எழுதினார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது பிப்ரவரியில் நடந்த நடைபயணம்தான். 2021 பிப்ரவரி 3 முதல் 7 வரை, கிழக்கே பொத்துவிலில் தொடங்கி வடக்கே பொலிகண்டி வரை தமிழர்கள் நடத்திய பேரணி. காணாமல் போனவர்கள், நிலம், கோயில்கள் என்று அவர்களுக்கே ஆயிரம் குறைகள். அந்தக் கோரிக்கைகளின் வரிசையில் முஸ்லிம்களின் ஜனாஸாவை எரிக்காதே என்பதையும் சேர்த்தார்கள். கிழக்கில் முஸ்லிம் ஊர்களைக் கடந்தபோது நம் மக்கள் வந்து சேர்ந்து நடந்தார்கள்.

இது சாதாரணமான சேர்க்கை இல்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். அந்த அக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் சேர்த்து வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விரட்டினார்கள். சுமார் 75,000 பேர், சிலர் சில மணி நேர அவகாசத்தில். தமிழர் தரப்பிலும் நம்மவர்கள் சிலரைப் பற்றிய கசப்பான கணக்கு உண்டு. முப்பது வருடம் எவரும் எவர் வீட்டு வாசலையும் மிதிக்காமல் இருக்கப் போதுமான காரணங்கள். அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் சேர்ந்து நடப்போம் என்று யாராவது நினைத்திருந்தால் அந்த நடை நடந்தே இருக்காது. கணக்கு அப்படியே இருக்கட்டும், முதலில் மையித்தை அடக்குவோம் என்றுதான் நடந்தார்கள். இங்கே ஒரு தேநீர்க்கடை வாக்குவாதத்துக்காக மூன்று வருடம் சலாம் சொல்லாமல் இருக்கிறவர்கள் நம் மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். பெயர் சொல்லமாட்டோம்.

பிப்ரவரி 10ஆம் தேதி பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ, புதைக்க அனுமதி உண்டு என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். மறுநாளே அது இன்னும் முடிவாகவில்லை என்று பின்வாங்கினார்கள். 23ஆம் தேதி பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்தார். ஜெனீவாவில் மனித உரிமைச் சபை கூடும் நேரம். முஸ்லிம் நாடுகளின் வாக்கு இலங்கைக்குத் தேவைப்பட்ட நேரம். 25ஆம் தேதி வர்த்தமானி மாற்றப்பட்டது. புதைக்கலாம் என்று வந்தது.

உடனே ஒரு தம்பி எழுந்து கேட்பார்: "அண்ணே, அப்போ ஜெயிச்சது துணியா, ஜெனீவாவா?" நியாயமான கேள்வி. போன மாதம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. எங்கள் கருத்து இதுதான். வாக்கு வேண்டும் என்பதால்தான் அரசாங்கம் இறங்கியது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பத்து மாதம் அந்த மக்கள் வாய் மூடி இருந்திருந்தால் வெளிநாட்டு விருந்தாளி கேட்பதற்கு என்ன விஷயம் இருந்திருக்கும்? ஐநா நிபுணர்களின் கையில் எந்தக் காகிதம் இருந்திருக்கும்? தள்ளுபடியான மனுக்கள் வீண் போகவில்லை. தேதி போட்டு, பெயர் போட்டு, முத்திரை குத்தி ஒரு கோப்பாகக் கிடந்தன. காற்று திரும்பும் நாள் எது என்று நமக்குத் தெரியாது. அன்றைக்குப் பாய் கட்டித் தயாராக இருக்கும் தோணிதான் நகரும்.

கதை அங்கேயும் முடியவில்லை. எங்கே புதைப்பது? இரணைதீவு என்ற சின்னத் தீவு என்றார்கள் மார்ச் 2ஆம் தேதி. அந்தத் தீவின் மக்கள் கத்தோலிக்க மீனவர்கள். போரில் 1992இல் வெளியேற்றப்பட்டு, கடற்படையின் கையில் தீவு போய், ஏறத்தாழ ஒரு வருடம் விடாமல் போராட்டப் பந்தலில் உட்கார்ந்து, பிறகும் அனுமதி வராததால் 2018 ஏப்ரலில் தாங்களே படகுகளில் ஏறிப் போய்த் தங்கள் மண்ணில் இறங்கியவர்கள். பெண்களும் வயதானவர்களும் முன்னால் நின்ற போராட்டம் அது. அப்படி மீட்ட ஊரில் கேட்காமல் கொள்ளாமல் மயானம் என்றால் அவர்கள் எதிர்க்கத்தானே செய்வார்கள்? எதிர்த்தார்கள். இதில் அழகு என்னவென்றால், முஸ்லிம்கள் அவர்கள்மேல் கோபப்படவில்லை. எங்களுக்கும் அந்தத் தீவு வேண்டாம், எங்களுக்குள் சண்டை மூட்டாதீர்கள் என்றார்கள்.

கடைசியில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓட்டமாவடி, மஜ்மா நகர். அந்த ஊர் மக்கள் நிலம் கொடுக்க முன்வந்தார்கள். 2021 மார்ச் 5ஆம் தேதி முதல் ஜனாஸா அங்கே மண்ணில் இறங்கியது. அடுத்த ஒரு வருடம், நாட்டின் எந்த மூலையில் கோவிட்டால் இறந்தவரை அடக்க வேண்டுமென்றாலும் அங்கேதான் கொண்டுபோக வேண்டும். குடும்பத்தார் இரவெல்லாம் பயணம் செய்து வந்து தூரத்தில் நின்று பார்ப்பார்கள். முகம் தெரியாத இளைஞர்கள் வெயிலில் குழி தோண்டினார்கள். 3,600க்கும் மேற்பட்டவர்கள் அங்கே உறங்குகிறார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆனால் அதே மண்ணில், அதே வரிசைகளில், இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அடக்கப்பட்டிருக்கிறார்கள். புதைக்கும் உரிமையை யார் கேட்டுப் பெற்றார்களோ, அவர்களுடைய ஊரில்.

2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கேட்டது. அந்தச் சட்டம் போட்ட ஜனாதிபதி அதற்கு இரண்டு வருடம் முன்பே மக்கள் எழுச்சிக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடியிருந்தார். அந்த எழுச்சியின்போது, 2022 ரமலானில், காலிமுகத்திடலில் போராட்டக்காரர்கள் மதம் பாராமல் ஒன்றாக உட்கார்ந்து நோன்பு திறந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் எரிக்கப்பட்டவர்கள், அரசாங்கக் கணக்குப்படியே 270க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள், எரிக்கப்பட்டவர்கள்தான். மன்னிப்பு எவரையும் திருப்பித் தராது. இதை வெற்றிக் கதை என்று சொல்லிக் கைதட்டு வாங்க எங்களுக்கு வாய் வரவில்லை.

நம்பிக்கை என்ற சொல்லையே நாம் கொஞ்சம் தவறாகப் பழகிவிட்டோமோ என்று தோன்றுகிறது. "எல்லாம் சரியாயிடும், துஆ செய்யுங்க" என்பதை நம்பிக்கை என்கிறோம். யாகூப் நபியின் வரலாற்றைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். யூசுஃபை இழந்து அழுது அழுது கண் வெளுத்துப் போன மனிதர் அவர். அழக் கூடாது என்று அவர் தன்னைத் தடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கடைசிவரை மகன்மாரைத் தேடப் போகச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். கண்ணில் பார்வை இல்லை. ஆள் அனுப்புவதை நிறுத்தவும் இல்லை. அழுகையும் தேடலும் ஒரே வீட்டில் இருக்க முடியும்.

நம் நாட்டிலேயே பாருங்கள். 18 வயதில் ஓட்டு என்ற திருத்தம் 2019 ஜூலை 16இல் எதிர்ப்பே இல்லாமல் மக்களவையில் நிறைவேறியது. அரசாங்கம் மாறியதும் இப்போது முடியாது, பிறகு பார்க்கலாம் என்று தள்ளினார்கள். சரவாக்கைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள் கூச்சிங் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021 செப்டம்பரில், அந்த வருடத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. டிசம்பர் 15இல் நடைமுறைக்கும் வந்தது. மூன்று மாதம் கழித்து அதை முதன்முதலில் பயன்படுத்திய தேர்தல் எது தெரியுமா? நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் வீட்டில் இருந்தார்கள் என்று சொன்னோமே, அதே ஜொகூர் தேர்தல்.

நம் ஊர் சுங்கை கிம் கிம்மை மறந்துவிட்டோமா? 2019 மார்ச் 7ஆம் தேதி ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். தாமான் பாசிர் பூத்தே பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூச்சுத் திணறி வாந்தி எடுத்தார்கள். 13ஆம் தேதி 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானவர்கள் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். எங்கள் கடையில் முகக்கவசம் விற்பதில்லை; ஆனாலும் கேட்டு வந்தவர்களுக்குத் துண்டு துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். அன்றைக்குப் புகார் எழுதிக் கொடுத்த பெற்றோர்கள், வழக்குப் போட்டவர்கள், விடாமல் கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் நம்மைப் போல வேலைக்குப் போகிற மலாய்க்கார, சீன, இந்தியக் குடும்பங்கள். சுற்றுச்சூழல் சட்டத்தைத் திருத்தி உச்ச அபராதத்தை 10 மில்லியன் ரிங்கிட் வரை உயர்த்த 2024 ஆனது. ஐந்து வருடம். அந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை அப்போது ஆறாம் வகுப்பு. அவ்வளவு மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனால் நகர்ந்தது.

இனி நம் சங்கத்து விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தோம். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1977இல் இங்கே துறைமுகம் கப்பல்களுக்குத் திறந்த காலத்தை ஒட்டி ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவர்கள் நம் வாப்பாமார்கள். ஒருவர் மவுத்தானால் குளிப்பாட்டத் தெரிந்த ஆளைத் தேடி ஜொகூர் பாரு வரை போக வேண்டியிருந்த நாட்களை நீங்களே எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். நம் கைராத் நிதி பிறந்தது அந்தக் கஷ்டத்தில்தான். அதன் விதி உறுப்பினருக்கும் அவர் குடும்பத்துக்கும் என்கிறது. அன்றைக்கு டப்பாவில் இருந்த காசு அவ்வளவுதான். விதி எழுதியவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வயதும் இல்லை, தகுதியும் இல்லை.

ஆனால் சென்ற ஆண்டு ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர் தங்கும் விடுதியில் தூக்கத்திலேயே இறந்து போனார். காண்டிராக்ட் வேலை. உறுப்பினர் இல்லை. வேலை கொடுத்தவர் கைப்பேசியை எடுக்கவில்லை. போலீஸ் ரிப்போர்ட், அடக்கம் செய்யும் பர்மிட், தூதரகக் கடிதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் ஒவ்வொரு வாசலில் நிற்க வேண்டும். அந்த ஆள் யார் என்பது முடிவாகாமலே ஆறு நாள் பிணவறையில் கிடந்தார். கடைசியில் நான்கைந்து கடைக்காரர்கள் கையிலிருந்து போட்டு அடக்கம் செய்தோம். இங்கே புதைக்கக் கூடாது என்று எந்த அரசாங்கமும் சொல்லவில்லை. மண் இருந்தது, கபன் இருந்தது, தொழ வைக்க இமாம் இருந்தார். ஆறு நாள்.

இலங்கையைப் பற்றி நாங்கள் ஏன் அதிகம் பேசிக்கொண்டிருந்தோம் என்பது இப்போது புரிந்திருக்கும். காஸாவுக்கு நாம் காசு அனுப்புகிறோம், அனுப்பத்தான் வேண்டும். ஊர்ச் சட்டத்தைப் பற்றி ஆத்திரப்படுகிறோம், படத்தான் வேண்டும். ஓட்டோட்டுப் போட்டியைப் போல அதையே பத்து குழுவுக்கு அனுப்பிவிட்டு, செய்ய முடிந்ததைச் செய்துவிட்டோம் என்று தூங்கப் போகிறோமே, அதுதான் எங்களைக் குடைகிறது.

வரும் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரக் கேட்கிறோம். கைராத் நிதியில் தனிக் கணக்கு ஒன்று. பாசிர் கூடாங் வட்டாரத்தில் இறக்கும், கேட்க ஆளில்லாத எந்தத் தொழிலாளிக்கும் அதிலிருந்து செலவு. முஸ்லிமாக இருந்தால் நாம் அடக்குவோம். வேறு மதத்தவராக இருந்தால் அவர் முறைப்படி செய்கிறவர்களிடம் ஒப்படைத்து, காகித வேலைக்கு நாம் கூட நிற்போம். குடும்பத்துக்கு மாதம் இரண்டு ரிங்கிட் கூடுதல். ஒரு தே தாரிக் காசு. கபன் துணி எங்கள் கடையின் பொறுப்பு, அதற்கு நிதியிலிருந்து எடுக்க வேண்டாம். காகிதத்தோடு அலைய நான்கு இளைஞர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மலாயில் கடிதம் எழுதத் தெரிந்த இரண்டு தங்கைகளும்.

பணம் போதாமல் போகும், வெளியாளுக்குச் செலவழித்தால் நம்மவர்களுக்கு மிஞ்சாது என்று கவலைப்படும் பெரியவர்கள் இருக்கிறீர்கள் என்று தெரியும். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. கணக்கை இரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்; முதல் வருடம் எவ்வளவு வரும், எத்தனை பேருக்குத் தாங்கும், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்று. பொதுக்கூட்டத்தில் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, படித்துவிட்டுக் கிழியுங்கள்.

தீர்மானம் ஏற்கப்பட விதிப்படி இருபது உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். வாசல் பக்கத்து மேசையில், பேரீச்சம்பழத் தட்டுக்கு அருகில் நீல அட்டை நோட்டு இருக்கிறது. இதுவரை பதினொரு கையெழுத்து. மக்ரிப் பாங்குக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.